ரிப்பன் கட்டிய வெள்ளைக் குதிரை

பழைய மாணவிகள் மலருக்குப் "பள்ளிக்கால நினைவு ஒன்று, ஐந்நூறு சொல்லுக்குள், இனிமையாக" எழுதித் தரச் சொல்லி மூன்று முறை ஆள் விட்டுவிட்டீர்கள். ஐந்நூறு சொல்லுக்குள் நான் கடைக்குச் சாமான் பட்டியல்கூட எழுதியதில்லை. இனிமையும் கைவசம் இல்லை. இருப்பது ஒரு சண்டை. பழைய சண்டைதான், ஆனால் இன்னும் ஆறவில்லை. சுடச்சுடப் பரிமாறுகிறேன்.

ஏழாம் வகுப்பில் எனக்குப் 'பவுடர் மூஞ்சி' என்று பேர் வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் வரிசையில் நான் வந்து நின்றால் மாவில் புரட்டி எடுத்த ரொட்டி மாதிரி இருப்பேன். முன்னால் நிற்கிறவள் தும்முவாள். அழகுக்காகப் பூசுகிறேன் என்று நினைத்தீர்கள். இந்த மூஞ்சிக்கு நீங்கள் கொடுத்த பெரிய மரியாதை அது. உண்மை என்னவென்றால், நான் குளிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம், பள்ளி நாட்களில், நான் ஒழுங்காகக் குளிக்கவே இல்லை. அதற்குக் காரணமானவள் உங்கள் நடுவில்தான் இருக்கிறாள். நன்னடத்தைப் பரிசை வருஷா வருஷம் வாங்கினாளே, அவள்தான். என் பெரியப்பா மகள்.

என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். மூன்றே மாதம். அதற்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது இரண்டு வீட்டுச் சட்டம். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் உட்கார்ந்துகொண்டு "அக்கா, அழிறப்பர் தாங்கக்கா" என்று கேட்டுப் பாருங்கள், வெறுப்பு எப்படி ஊறும் என்று தெரியும்.

இரண்டு வீடு என்றேன். உண்மையில் ஒரே வீடு. பேராதனை வீதியிலிருந்து நாற்பத்தாறு படி ஏறிப் போக வேண்டும். முன்பாதியில் பெரியப்பா குடும்பம், பின்பாதியில் நாங்கள், நடுவில் பூப்போட்ட துணித்திரை. காலையில் ஹந்தானைப் பக்கமிருந்து பனி இறங்கி வீட்டுக்குள் வந்து உட்காரும். கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளைக்குக் காயாது. அந்த ஈரத் துணி வாசனையும் பக்கத்துப் பேக்கரியின் பாண் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்குக் கண்டி. ஏரி, மாளிகை எல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு.

குளியலறை ஒன்று. குழாய் ஒன்று. நகரசபைத் தண்ணி விடிய ஐந்தரைக்கு வந்து ஏழு மணிக்கு முன்பே போய்விடும். முதலில் போகிறவர்களுக்குத் தண்ணி கிடைக்கும். இரண்டாவதாகப் போகிறவர்களுக்குக் குழாய் விடுகிற மூச்சு கிடைக்கும்.

எங்கள் தாத்தா விட்டுவிட்டுப் போன சொத்தில் ஒரு சதுரங்கப் புத்தகமும் உண்டு. இந்தியாவில் வாங்கிக் கப்பலில் கொண்டு வந்தது. அட்டை எப்போதோ போய்விட்டதால் அதற்குப் பேர் கிடையாது. தமிழ்ப் புத்தகம், மெல்லிய தாள், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம். அப்பாவும் பெரியப்பாவும் சின்ன வயதில் அதை வைத்துத்தான் விளையாடப் பழகினார்களாம். எனக்கும் அக்காவுக்கும் அதை வாரம் மாற்றிக் கொடுத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் புத்தகம் திரையைத் தாண்டும். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான்.

அவள் பக்கம் பக்கமாக, பரீட்சைக்குப் படிப்பது போலப் படிப்பாள். விட்ட இடத்தில் அந்தோனியார் படம் ஒன்றை அடையாளத்துக்கு வைப்பாள். நான் கண்ட இடத்தில் திறப்பேன், படம் பார்ப்பேன், மூடுவேன். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்பேன். தோற்கும்போது அவள் சிரிக்க மாட்டாள். "பரவாயில்ல, நீ சின்னப் பிள்ளைதானே" என்பாள். மூன்று மாதம்!

ஒரு வாரம் புத்தகம் என்னிடம் வந்தபோது அந்தோனியார் முப்பத்தேழாம் பக்கத்தில் நின்றார். அதில் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் என்னவாக மாறலாம் என்கிற சட்டம் இருந்தது. அவள் அதுவரை படித்திருக்கிறாள். தாளைத் திருப்பினேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பொறி. கறுப்புக்காரர் நடுச் சிப்பாயைச் சும்மா கொடுத்து, பிஷப்பையும் வெட்டக் கொடுத்து, எட்டு நகர்த்தலுக்குள் வெள்ளை ராணியைப் பிடிக்கிற வழி. நான் வாழ்க்கையில் முழுசாக வாசித்து விளங்கிக்கொண்ட முதல் பக்கம் அதுதான். அடுத்த ஞாயிறு இதை அவளும் வாசித்துவிடுவாள் என்று நினைத்ததும் வயிறு எரிந்தது.

கிழித்தேன். அறியாமல் அல்ல, அடிமட்டம் வைத்து, ஓரம் பிசிறாமல் கிழித்தேன். அந்த வருஷம் கைவேலைப் பாடத்தில்கூட அவ்வளவு நேர்த்தி காட்டியதில்லை.

ஞாயிறு மத்தியானம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, முப்பத்தாறுக்குப் பிறகு முப்பத்தொன்பது இருக்கு."

பெரியப்பா வந்தார். "தம்பி, அப்பாவோட புத்தகத்தை யாரு கிழிச்சது?"

"உங்க வாரத்துல கிழிஞ்சிருக்கும்ணே" என்றார் அப்பா.

"முப்பத்தேழு நான் வாசிச்சேன் சித்தப்பா. குடுக்கும்போது இருந்துச்சு" என்றாள் அக்கா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். தலை ஆட்டுவதில் நான் சூரி. அப்பா அவளைப் பார்த்து, "சின்ன வயசுல இப்பிடிப் பொய் சொல்லப் பழகாத புள்ள" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் துணித்திரை போய்ப் பலகைத் தட்டி வந்தது. ஒவ்வொரு ஆணியையும் பெரியப்பா எங்களுக்குக் கேட்கட்டும் என்றே அடித்தார். புத்தகம் மட்டும் வாரம் மாறிக்கொண்டிருந்தது. தாத்தாவின் சொத்தை எந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பூசைக்கு அவர்கள் வலது வாங்கு, நாங்கள் இடது வாங்கு. 'சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்' என்று பாதர் சொன்னால் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு தூணுக்கு வணக்கம் சொல்லும்.

ஓரகத்திகள் இரண்டு பேரும் நேரே பேசுவதை விட்டார்கள். ஆனால் பேசாமலும் இருக்க முடியாதே. அம்மா பூனையிடம் பேசுவாள். பெரியம்மா பானையிடம் பேசுவாள். பலகைக்கு இரண்டு பக்கமும் எல்லாம் துல்லியமாகக் கேட்கும்.

"பூனையே, சில பேரு புத்தகத்தைக் கிழிச்சுப்புட்டு மத்தவங்க மேல பழி போடுறாங்க, பாத்தியா?"

"பானையே, சில வீட்டுல புள்ளய வளக்கத் தெரியாம பூனைய வளக்குறாங்க, கேட்டியா?"

கோயில் திருநாள் வந்தது. மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி. நானும் அவளும் ஆளுக்கொரு பக்கமாக ஜெயித்துக்கொண்டே வந்து இறுதி ஆட்டத்தில் முட்டிக்கொண்டோம். நான் ஜெயித்த விதம் கேட்காதீர்கள். ஒருத்தனுக்கு அம்மை போட்டது, இன்னொருத்தன் பட்டிஸ் சாப்பிடப் போனவன் திரும்பி வரவில்லை.

அன்று மாலை பெரியம்மாவின் குரல் வந்தது. "பானையே, எம்புள்ள ஜெயிச்சா இனிக் காலைல முதல் தண்ணி எங்களுக்குத்தான். சம்மதமான்னு கேளு."

அம்மா பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சம்மதம்னு சொல்லு பூனையே. எம்புள்ள ஜெயிச்சா எங்களுக்கு. வாக்கு மாறினா மாதா கேப்பா."

இப்படி, ஒரு வீட்டின் தண்ணீர் என் தலையில் வந்து விழுந்தது.

போட்டி நாள் காலையில், கிழித்த தாளை நாலாக மடித்து வலது கால் சப்பாத்துக்குள் வைத்துக்கொண்டேன். கடைசி நிமிஷத்தில் கக்கூசுக்குப் போய் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று. மண்டபத்தில் வௌவால் வாசனை, தரைக்குப் பூசிய மெழுகு வாசனை, பெரிய அண்டாவில் தேத்தண்ணி. நடுவில் ஒரு மேசை, இரண்டு கதிரை. வலது பக்கம் அவர்கள், இடது பக்கம் நாங்கள். நடுவர், ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிற யாழ்ப்பாணத்துக் கணக்கு மாஸ்டர். அவருக்குச் சதுரங்கம் தெரியாது என்று அவருக்குத் தெரியாது.

அவளுக்கு வெள்ளை. எனக்குக் கறுப்பு.

ராணிச் சிப்பாயை நகர்த்தினாள். நானும் நகர்த்தினேன். பக்கத்துச் சிப்பாயைக் கொண்டு வந்து முட்டினாள். நான் நடுவில் இன்னொரு சிப்பாயைக் கொண்டுபோய், எடுத்துக்கோ என்று நீட்டினேன். அவள் புருவம் ஏறியது. எடுத்தாள். நான் அவள் சிப்பாய்களைத் தாண்டி என் சிப்பாயைத் தள்ளினேன். அவள் அதைத் தட்டப் பார்த்தாள். நான் பிஷப்பால் ராஜாவுக்குச் செக் சொன்னேன். அவள் தன் பிஷப்பை நடுவில் வைத்து மறைத்தாள். இப்போது என் பிஷப் வெட்டுப்படும். நான் அதைக் கவனிக்காதவள் போல ஒரு சிப்பாயை வெட்டினேன். அவள் என் பிஷப்பை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள்.

"ஐயோ, ஆயரையே வெட்டக் குடுத்துட்டாளே!" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பானை இல்லாட்டியும் சொல்றேன், தோத்தாச்சு" என்றாள் பெரியம்மா.

என் சிப்பாய் இன்னொரு சிப்பாயை வெட்டி ராஜாவின் மூக்குக்குக் கீழே போய் நின்றது. செக். ராஜா அதை வெட்டினால் ராணி போய்விடும். அவளுக்கு விளங்கியது. ராஜாவை ஒரு கட்டம் முன்னால் எடுத்தாள். அவள் காது சிவந்ததை நான் வாழ்க்கையில் முதல் தடவை பார்த்தேன். என் சிப்பாய் அவளுடைய குதிரையை வெட்டிக் கடைசிக் கட்டத்தில் ஏறியது.

"ராணி" என்றார் மாஸ்டர், எனக்குப் பதிலாக.

"குதிரை" என்றேன் நான்.

மண்டபம் சிரித்தது. யாரோ பின்னாலிருந்து, "கழுதை வேணாமா?" என்று கேட்டார்கள். ராணி எடுத்தால் அவள் ராணிக்கு ராணி வெட்டி ஆட்டத்தைச் சப்பென்று ஆக்கிவிடுவாள். குதிரை எடுத்தால் செக், அவளுக்கு மூச்சுவிட நேரம் இல்லை. ஆனால் பெட்டிக்குள் கறுப்புக் குதிரை கிடையாது. என்னுடையது இரண்டும் பலகையில் நின்றன. ஆகவே இப்போதுதான் வெட்டுப்பட்ட அவளுடைய வெள்ளைக் குதிரையை எடுத்தேன். என் ஒற்றைப் பின்னலிலிருந்து கறுப்பு ரிப்பனை உருவினேன். குதிரையின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு, கட்டத்தில் வைத்தேன்.

"செக்."

"பொறு பிள்ளை" என்று மாஸ்டர் எழுந்தார். "உன்ரை குதிரை ரெண்டும் உயிரோட நிக்குதே. செத்த காயைத்தான் எழுப்பலாம். சாகாதவன் எப்பிடி உயிர்க்கிறது?"

இந்தச் சட்டம் நம்மூரில் எல்லா வீட்டிலும் உண்டு. புத்தகத்தில் மட்டும் கிடையாது. என் ராணியும் உயிரோடுதான் நின்றாள், அது அவர் கண்ணில் படவில்லை. ஆனால் மறைக்கல்வி மாஸ்டர் வாயிலிருந்து வந்ததும் அது வேதமாகிவிட்டது. பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"கள்ள ஆட்டம்!" என்றார் பெரியப்பா.

"எங்க வீட்டுப் புள்ள கள்ளம் ஆடாது!" என்று அப்பா எழுந்தார்.

"அப்ப புத்தகத்துல பாப்போம்!" பெரியப்பாவிடம் புத்தகம் இருந்தது. அது அவர்கள் வாரம். விரலில் எச்சில் தொட்டுத் திருப்பினார். முப்பத்து நாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. முப்பத்தொன்பது.

பிறகு அண்ணனும் தம்பியும் பங்கு மக்கள் எல்லார் முன்னாலும் தொடங்கினார்கள். உன் வாரம், உன் வாரம். உன் மகள், உன் மகள். நான் உட்கார்ந்திருந்தேன். சட்டம் என் வலது காலடியில் இருந்தது. எடுத்து நீட்டினால் ஆட்டம் எனக்கு, முதல் தண்ணி எங்களுக்கு. கூடவே, கிழித்தவள் யார் என்பதும் எல்லாருக்கும். நீட்டாவிட்டால் தோல்வி. பாதம் வேர்த்து, தாள் சதசதவென்று நனைவது தெரிந்தது.

"சட்டம் காட்ட ஏலாட்டி ராணி எடு பிள்ளை. இல்லையெண்டா தோல்வி எண்டு எழுதிறன்" என்றார் மாஸ்டர்.

என் கை சப்பாத்துக் கயிறு வரை போனது. நீட்டத்தான் போனேனா, இல்லை இன்னும் உள்ளே தள்ளவா, இன்றுவரை எனக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். மறுபடி சப்பாத்தைப் பார்த்தாள். அவள் பக்கம் பக்கமாகப் படிக்கிறவள். அந்த ஒரு பக்கத்தையும் அங்கேயே படித்து முடித்தாள்.

"குதிரை எடுக்கலாம் மாஸ்டர்" என்றாள்.

"வாய மூடுடி" என்றாள் பெரியம்மா.

"ராஜாவைத் தவிர எதையும் எடுக்கலாம். செத்திருக்கணும்னு இல்ல. முப்பத்தேழாம் பக்கத்தில இருந்துச்சு. நான் வாசிச்சேன்னு அன்னிக்கே சொன்னேன். யாரும் நம்பல."

"பின்பக்கத்திலை என்ன இருந்தது பிள்ளை?" என்று மாஸ்டர் சும்மா கேட்டார்.

"அதை வாசிக்க எனக்குக் கிடைக்கல மாஸ்டர்" என்றாள், என்னைப் பார்த்தபடி. "இப்பதான் வாசிக்கிறேன்."

தோற்கப் போகிறவள் சொல்கிற சாட்சியை மாஸ்டரால் தட்ட முடியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. அவள் கோட்டையால் ரிப்பன் குதிரையை வெட்டினாள். நான் மற்ற பிஷப்பை இறக்கினேன். செக். ராஜா நகர்ந்தால் பின்னால் ராணி. அவள் ராஜாவைப் படுக்க வைத்தாள். கைகொடுக்கவில்லை. ரிப்பன் கட்டிய குதிரையை மட்டும் கைக்குள் மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெரியம்மா எல்லார் முன்னாலும் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அவள் அழவில்லை. அம்மா என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் பல்லைக் காட்டினேன். எனக்குப் பரிசாக ஒரு பிளாஸ்டிக் லஞ்ச் பெட்டி கிடைத்தது. மூடி ஒரு நாளும் மூடாது.

வரும் வழியில் மழை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் தாள் கூழாகி இருந்தது. வழித்து, வாசலில் மழைத்தண்ணி ஓடிய கானில் போட்டேன். ஆதாரம் போய்விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிய ஐந்தரைக்கு, வெற்றி வீராங்கனையாக வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். பலகைத் தட்டியில் கணு விழுந்த ஓட்டை ஒன்று உண்டு. அதற்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"முதல் வாளியை நிரப்பி எங்க பின்படியில வை. பிறகு ரெண்டாவது வாளி."

"நாங்கதானே ஜெயிச்சோம்!"

"சரி, வைக்காத. மண்டபத்துக் குதிரை எங்க போச்சுன்னு பாதர் தேடுறாராம். ரிப்பனோட கொண்டுபோய்க் குடுத்து, இது யாரு ரிப்பன், அந்த ஆட்டத்தை அவ எந்தப் பக்கத்துல படிச்சான்னு கேக்கவா?"

வைத்தேன். மறுநாளும் வைத்தேன். எங்கள் வீட்டில் மற்றவர்கள் குளித்தார்கள். என் பங்குத் தண்ணி பின்படிக்குப் போனது. எனக்கு ஒரு செம்பும், முகம் முழுக்கப் பவுடரும். பக்கத்தில் பளபளவென்று ஈரக் கூந்தலோடு அவள் உட்கார்ந்திருப்பாள். "ஏன்டி இவ்வளவு பவுடர்?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்களோடு சேர்ந்து சிரிப்பாள். நாங்கள் கம்பளைக்கு வீடு மாறிப் போகும்வரை இதுதான் நிலைமை. மண்டபத்து ஆட்டத்தில் வெள்ளைக் குதிரைக்குப் பதிலாக இருமல் மருந்துப் போத்தல் மூடி ஒன்று நின்றது.

ஏன் கம்பளைக்குப் போனோம்? அப்பா வேலை மாற்றம் என்று சொன்னார். நானும் நம்பினேன். இப்போது, அப்பாவின் வயதைத் தாண்டிய பிறகு, வேறொன்று ஞாபகம் வருகிறது. அன்று மண்டபத்தில் அக்கா "இப்பதான் வாசிக்கிறேன்" என்று சொன்னபோது அப்பா கத்துவதைப் பாதியில் நிறுத்தினார். என் சப்பாத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் வாயே திறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அண்ணன் மகளைப் பொய்க்காரி என்று சொன்ன மனுஷன், அது தப்பு என்று தெரிந்த பிறகு, அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஊரை விட்டே போனார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. பெரியப்பாவின் சாவுக்குப் போனபோது பெட்டியின் கால்மாட்டில் நின்றார், தலைமாட்டுக்கு வரவில்லை. நான் அன்றாவது சொல்லியிருக்கலாம். அன்றும் தலையை மட்டும் ஆட்டினேன்.

இனி அக்காவுக்கு நேரே.

அக்கா, கட்டுகஸ்தோட்டையில் உங்கள் வீட்டு ஷோகேசில், பேரப்பிள்ளைகளின் படத்துக்கு நடுவில், அந்தக் குதிரையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ரிப்பன் நரைத்துவிட்டது. நான் வரும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைப்பது போல ஒரு தடவை தடவுகிறீர்கள். உடனே நான் எழுந்துபோய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறேன். இத்தனை வருஷமாக. போன கிறிஸ்மஸுக்குப் பதினாலு கோப்பை. உங்கள் மருமகள் நான் ஏதோ வேலைக்கு வருகிற ஆள் என்று நினைத்து, எனக்குப் பழைய சாரி ஒன்று எடுத்து வைத்தாள்.

ஆகவே எல்லார் முன்னாலும், அச்சில், சொல்லிவிட்டேன். கிழித்தது நான். அடிமட்டம் வைத்துக் கிழித்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. இதைக் கேட்க அப்பாவும் பெரியப்பாவும் உயிரோடு இல்லை.

இனி அந்தக் குதிரையை வைத்து நீங்கள் என்னை ஒன்றும் செய்ய முடியாது. பல்லேகல மண்டபத்தில் நடக்கும் பழைய மாணவிகள் ஒன்றுகூடலுக்கு அதைக் கையோடு கொண்டு வாருங்கள், ரிப்பன் என்னுடையது. அன்று நான் நன்றாகக் குளித்துவிட்டு, பவுடர் பூசாமல், முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். தேத்தண்ணி நீங்கள் ஊற்றுங்கள். எனக்குச் சீனி இரண்டு.